பேச்சுரிமை இருக்குற நாட்டுல ஃபாக்ஸ் நியூஸ் எதுக்கு 78 கோடி டாலர் கட்டுச்சு?

கேள்வி ரெண்டு வந்துருக்கு. அமெரிக்காவுல யாரப் பத்தி வேணா என்ன வேணா பேசலாம்னு சொல்றாங்களே, அப்புறம் எப்படி ட்ரம்ப் தோத்த 2020 எலெக்ஷன்ல ஃப்ராடுனு பேசுனதுக்கு ஃபாக்ஸ் நியூஸ் டிவி சேனலும் ட்ரம்போட வக்கீல் ரூடி ஜூலியானியும் கோடிக்கணக்குல மாட்டுனாங்கங்கறது ஒண்ணு. அப்போ அங்க இருக்குற ஒரு சாதாரண ஆளு "எலெக்ஷன்ல தில்லுமுல்லு நடந்துருக்கு"னு எழுதுனா அவர் மேலயும் கேஸ் வருமாங்கறது இன்னொண்ணு. கொஞ்சம் பொறுமையா படிங்க, ரெண்டு வரியில சொல்லப் போனா தப்பா புரிஞ்சுக்கற விஷயம் இது.

மொதல்ல ஒண்ணு. "எலெக்ஷன திருடிட்டாங்க"ங்கற அந்த ஒரு வரிக்காக மட்டும் அங்க அவதூறு வழக்கு நிக்காது. சட்டத்தோட கண்ணுல தேர்தலுக்குனு ஒரு மானம் கிடையாது, மானம்ங்கறது ஆளுக்கு இருக்கு, கம்பெனிக்கு இருக்கு. யாரப் பத்தி சொன்னீங்கனு அடையாளம் தெரிஞ்சாத்தான் வழக்கு நிக்கும். ஃபாக்ஸும் ஜூலியானியும் மாட்டுனது எங்கன்னா, பொதுவா புலம்பாம, இந்த கம்பெனிதான் செஞ்சுது, இந்த அம்மாவும் பொண்ணும்தான் செஞ்சாங்கனு பேர் சொல்லி கைய நீட்டுன எடத்துல.

அந்த அம்மா பொண்ணு கதைய முழுசா சொல்லிடறேன், ஏன்னா இந்த விஷயத்துல பேச்சுரிமை பேச்சுரிமைனு எல்லாரும் பேசுறாங்க, எதிர்ப்பக்கம் யார் இருந்தாங்கனு பாதிப் பேருக்கு தெரியல.

அட்லாண்டாவுல ஸ்டேட் ஃபார்ம் அரீனானு ஒரு பெரிய உள்விளையாட்டரங்கம் இருக்கு. ஃபுல்டன் கவுண்டியோட தபால் ஓட்டுகள 2020 நவம்பர்ல அங்க வச்சுதான் எண்ணுனாங்க. ரூபி ஃப்ரீமன்னு ஒரு அம்மா, எலெக்ஷன் நேரத்துக்கு மட்டும் வேலைக்கு வந்தவங்க. அவங்க பொண்ணு ஷே மாஸ், அந்த கவுண்டியோட தேர்தல் ஆபீஸ்ல பத்து வருஷம் கிட்ட வேலை பாத்தவங்க. டிசம்பர் 3ஆம் தேதி ஜார்ஜியா செனட் கமிட்டி முன்னாடி ட்ரம்ப் தரப்புல இருந்து கேமரா வீடியோவுல ஒரு துண்ட மட்டும் போட்டுக் காட்டி, மேஜைக்கு அடியில இருந்து சூட்கேஸ் சூட்கேஸா கள்ள ஓட்ட எடுக்குறாங்க பாருங்கனு சொன்னாங்க. அது ஓட்டுச்சீட்ட பத்திரமா வைக்கிற வழக்கமான பெட்டி. முழு வீடியோவ பாத்த மாநில அதிகாரிங்க உடனேயே அத வெளிப்படையா சொல்லிட்டாங்க. ஆனா யாரு கேட்டா. ஒரு வாரம் கழிச்சு, டிசம்பர் 10ஆம் தேதி இன்னொரு விசாரணையில ஜூலியானி பேசும்போது, இவங்க ரெண்டு பேரும் ஹெராயின், கொக்கேய்ன் குப்பிய கைமாத்துற மாதிரி யுஎஸ்பி டிரைவ கைமாத்துனாங்கனு சொன்னார்.

2022 ஜூன் 21ஆம் தேதி, 2021 ஜனவரி 6ல ட்ரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றத்துக்குள்ள புகுந்த சம்பவத்த விசாரிச்ச நாடாளுமன்றக் குழு முன்னாடி ஷே மாஸ் வந்து உக்காந்தாங்க. பின்னாடி வரிசையில அவங்க அம்மா. அந்த வீடியோவுல உங்க அம்மா உங்க கையில என்ன குடுத்தாங்கனு கேட்டாங்க. இஞ்சி மிட்டாய்னு சொன்னாங்க. ஜிஞ்சர் மின்ட். ராத்திரி கண்ணு முழிச்சு வேலை பாக்குற பொண்ணுக்கு ஒரு தாய் குடுத்த மிட்டாய்.

அந்த ஒரு மிட்டாய்க்கு அப்புறம் அந்தக் குடும்பம் பட்டது சொல்லி மாளாது. ரெண்டு பேரும் கறுப்பினப் பெண்கள், வந்த மெசேஜ்ல நெறைய அத வச்சே மிரட்டல். 2021 ஜனவரி 2ஆம் தேதி ட்ரம்ப் ஜார்ஜியா மாநிலச் செயலர் பிராட் ரஃபன்ஸ்பெர்கருக்கு போட்ட போன்ல ரூபி ஃப்ரீமன் பேர 18 தடவ சொன்னார். ஜனவரி 6க்கு முன்னாடி எஃப்பிஐ அவங்கள வீட்ட விட்டு கொஞ்ச நாள் வெளிய இருங்கனு சொல்லுச்சு, சுமார் ரெண்டு மாசம் வெளிய இருந்தாங்க. அவங்க ஊருல எல்லாரும் அவங்கள லேடி ரூபினுதான் கூப்பிடுவாங்க, அந்தப் பேர் போட்ட சட்டைய ஆசை ஆசையா போட்டுட்டு திரிஞ்சவங்க, இப்ப அந்த சட்டையே போடறதில்ல, மளிகைக் கடையில தெரிஞ்சவங்க யாராவது பேர் சொல்லி கூப்பிட்டாகூட பக்கத்துல யார் காதுல விழுந்துச்சோனு பதறுதுனு சாட்சியத்துல சொன்னாங்க. என் பேரே போச்சுனு அவங்க சொன்னது வெறும் பேச்சுக்கு சொன்னதில்ல. மானநஷ்டம்னு நம்ம ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போற நஷ்டம் எப்படி இருக்கும்னு யாராவது கேட்டா நான் இதத்தான் சொல்லுவேன்.

வழக்குல என்னாச்சுன்னா, ஜூலியானி தன்கிட்ட இருக்குற ஆவணங்கள ஒப்படைக்கல. அமெரிக்க சிவில் வழக்குல டிஸ்கவரினு ஒரு கட்டம் இருக்கு, வழக்குக்கு சம்பந்தப்பட்ட மெயில், மெசேஜ், கணக்கு வழக்கு எல்லாத்தையும் ரெண்டு தரப்பும் ஒருத்தருக்கு ஒருத்தர் காட்டியே ஆகணும். கோர்ட் சொல்லியும் அவர் ஒழுங்கா குடுக்காததால நீதிபதி பெரில் ஹவல் 2023 ஆகஸ்ட்ல, அவர் மேல இருந்த புகார் நிரூபணம் ஆனதாவே எடுத்துக்கிட்டு தீர்ப்பு குடுத்துட்டாங்க. எவ்வளவு கட்டணும்ங்கறத மட்டும் ஜூரி முடிவு பண்ணணும். டிசம்பர்ல அந்த விசாரணை ஆரம்பிச்ச அன்னிக்கே ஜூலியானி கோர்ட்டுக்கு வெளிய மைக் முன்னாடி நின்னு, நான் சொன்னது எல்லாமே உண்மைதான்னார். டிசம்பர் 15ஆம் தேதி ஜூரி எழுதுன தொகை 14 கோடியே 80 லட்சம் டாலருக்கும் மேல. ஆறே நாள்ல மனுஷன் திவால் மனு போட்டார். அந்த மனுவும் 2024ல தள்ளுபடி ஆச்சு, கடைசியா 2025 ஜனவரியில சமரசம், வீடு வாசல் அவர்கிட்டயே இருக்கும், அந்த ரெண்டு பேரப் பத்தி இனி வாய் திறக்கக் கூடாது, தொகை எவ்வளவுனு வெளிய சொல்லல. இதுக்கு நடுவுல 2023 ஜூன்ல ஜார்ஜியா மாநில தேர்தல் வாரியம் அந்த அரீனா புகார முழுசா விசாரிச்சு, ஃப்ராடுக்கு ஆதாரமே இல்லனு ஃபைல மூடிடுச்சு. ரெண்டரை வருஷம் ஆச்சு அதுக்கு.

இப்ப பேச்சுரிமைக்கு வருவோம். நெறைய பேர் நெனைக்கற மாதிரி அமெரிக்க அரசியலமைப்போட முதல் திருத்தம் அவதூறுக்கு லைசென்ஸ் குடுக்கல, அதே சமயம் அவதூறு வழக்க ஜெயிக்கறது அங்க இருக்குற அளவுக்கு கஷ்டமான நாடும் அதிகம் இல்ல. அத வேணும்னே கஷ்டமாக்கி வச்சுருக்காங்க, காரணம் தெரியணும்னா 1960க்கு போகணும்.

மார்டின் லூதர் கிங்குக்காக நிதி திரட்டுனவங்க நியூயார்க் டைம்ஸ்ல ஒரு முழுப்பக்க விளம்பரம் குடுத்தாங்க. அலபாமா மாநிலம் மான்ட்கோமரியில போலீஸ் மாணவர்கள எப்படி நடத்துச்சுனு அதுல எழுதிருந்தாங்க. சாரம் சரி, ஆனா சின்னச் சின்ன தப்பு இருந்துச்சு. மாணவர்கள் பாடுனது தேசிய கீதம், விளம்பரத்துல வேற பாட்டு பேர் போட்ருந்தாங்க. கிங்க நாலு தடவ கைது பண்ணிருந்தாங்க, விளம்பரத்துல ஏழுனு இருந்துச்சு. அந்த ஊர் போலீஸ் துறைக்கு பொறுப்பா இருந்த எல்.பி. சல்லிவன்ங்கறவர், தன் பேரே இல்லாத அந்த விளம்பரத்துக்காக கேஸ் போட்டு, உள்ளூர் ஜூரிகிட்ட 5 லட்சம் டாலர் வாங்கிட்டார். அலபாமா மாநிலம் முழுக்க அந்தப் பத்திரிகை போனதே சுமார் 394 பிரதி, மான்ட்கோமரி கவுண்டிக்கு ஒரு 35. யார் கண்ணுல பட்டு யார் மானம் போச்சுனு நீங்களே யோசிச்சுக்கோங்க. அன்னிக்கு தெற்கு மாநிலங்கள்ல இருந்த அதிகாரிங்களுக்கு இது ஒரு ஆயுதம், சிவில் உரிமைப் போராட்டத்த பத்தி எழுத வர்ற வெளியூர் பத்திரிகைய கேஸ் மேல கேஸ் போட்டு காசாலயே முடக்கறது.

1964 மார்ச்ல உச்ச நீதிமன்றம் அத தடுத்துச்சு. அரசு அதிகாரி ஒருத்தர் அவதூறு வழக்குல ஜெயிக்கணும்னா சொன்னது பொய்னு காட்டுனா மட்டும் போதாது, அது பொய்னு தெரிஞ்சே சொன்னாங்க, இல்லனா உண்மையா பொய்யானு துளிகூட கவலைப்படாம சொன்னாங்கனு காட்டணும். இதுக்கு ஆக்சுவல் மாலிஸ்னு பேர் வச்சாங்க. பேரப் பாத்து ஏமாறாதீங்க, இதுக்கும் வன்மத்துக்கும் சம்பந்தமே இல்ல. உங்க மேல எனக்கு தீராத வெறுப்பு இருந்தாலும், நான் சொன்னத நெசமாவே நம்பித்தான் சொன்னேன்னா எனக்கு ஆக்சுவல் மாலிஸ் கிடையாது. எனக்கு உங்க மேல எந்த கோபமும் இல்ல, ஆனா பொய்னு தெரிஞ்சே சொன்னேன்னா, இருக்கு. 1968ல இன்னொரு வழக்குல இத இன்னும் நுணுக்கமா சொல்லி வச்சாங்க, சொன்ன ஆளோட மனசுக்குள்ள அந்த விஷயத்துமேல நெசமாவே பெரிய சந்தேகம் இருந்திருக்கணும், அப்படி இருந்தும் சொல்லிருக்கணும். "நல்லா விசாரிச்சிருக்கலாமே"ங்கறதெல்லாம் போதாது. இந்த அளவுகோல் அப்புறம் பிரபலங்கள், பொது விவகாரத்துல தலைய குடுத்தவங்க எல்லாருக்கும் நீண்டுச்சு. நம்மள மாதிரி சாதாரண ஆளுக்கு 1974ல கெர்ட்ஸ் வழக்குல அத குறைச்சாங்க, அஜாக்கிரதையா பொய் சொன்னாங்கனு காட்டுனாலே நஷ்ட ஈடு கேக்கலாம்.

இந்த சுவர் ஒசரமா இருக்கறது சரினுதான் நான் உறுதியா நம்பறேன். தப்பே வராம யாரும் பேச முடியாது, அதிகாரத்துல இருக்குறவன பத்தி பேசும்போது ஒவ்வொரு சின்ன தப்புக்கும் சொத்து போயிடும்னா எவனும் வாயே திறக்க மாட்டான்.

அப்போ இவ்வளவு ஒசரமான சுவர டொமினியன் எப்படி தாண்டுச்சு? டிஸ்கவரியாலதான். டொமினியன் வோட்டிங் சிஸ்டம்ஸ்ங்கறது அப்போ ஓட்டு மெஷின் செஞ்சுட்டு இருந்த கம்பெனி. 2020 எலெக்ஷனுக்கு அப்புறம் அந்த மெஷின் பைடனுக்கு ஓட்ட மாத்திப் போட்டுச்சு, வெனிசுவேலாவுல ஹியூகோ சாவேசுக்காக உருவாக்குனது, அதிகாரிங்களுக்கு லஞ்சம் குடுத்துச்சுனு ஜூலியானியும், ட்ரம்ப் பக்கம் நின்ன இன்னொரு வக்கீல் சிட்னி பவலும் ஃபாக்ஸ்ல வந்து வந்து பேசுனாங்க. டொமினியன் 2021 மார்ச்ல டெலவேர் மாநில கோர்ட்ல 160 கோடி டாலர் கேட்டு கேஸ் போட்டுச்சு.

பொய்னு நிரூபிக்கறது இந்த வழக்குல கஷ்டமே இல்ல, காரணம் காகிதம். 2020ல ஜார்ஜியா மாநிலம் முழுக்க டொமினியன் மெஷின்தான், ஆனா ஒவ்வொரு ஓட்டுக்கும் காகிதச் சீட்டு இருந்துச்சு. கிட்டத்தட்ட 50 லட்சம் சீட்டையும் மனுஷங்க கையாலயே எண்ணுனாங்க, சுமார் 12,000 ஓட்டு வித்தியாசத்துல பைடன் ஜெயிச்சது அப்படியே நின்னுச்சு. மெஷின் ஓட்ட மாத்திருந்தா காகிதமும் மெஷினும் ஒத்துப் போயிருக்காது இல்லையா, அவ்வளவுதான் விஷயம்.

கஷ்டம் மனசுக்குள்ள என்ன இருந்துச்சுனு காட்டறது. சாதாரணமா இங்கதான் வாதி தோப்பாங்க. ஆனா ஃபாக்ஸ்காரங்களோட சொந்த போன்லயே அது எழுதி இருந்துச்சு.

எலெக்ஷன் அன்னிக்கு ராத்திரி அரிசோனாவ பைடனுக்குனு மத்த சேனலுக்கு முன்னாடி ஃபாக்ஸ்தான் அறிவிச்சுச்சு. ஆடியன்ஸ் கொதிச்சுப் போய் நியூஸ்மேக்ஸ்ங்கற போட்டி சேனல் பக்கம் சாய ஆரம்பிச்சாங்க. உள்ள எல்லாருக்கும் கிலி புடிச்சுருச்சு. சிட்னி பவல் பொய் சொல்றாங்கனு ஃபாக்ஸ் தொகுப்பாளர் டக்கர் கார்ல்சன் சக தொகுப்பாளர் லாரா இங்கிரமுக்கு மெசேஜ் போடறார். ஃபாக்ஸோட சொந்த ரிப்போர்ட்டர் ஒருத்தர், ஓட்டு மெஷின்ல தில்லுமுல்லு நடந்ததுக்கு ஆதாரம் இல்லனு ட்வீட் போட்டதும், அவங்கள வேலைய விட்டு தூக்குங்க, கம்பெனிக்கு நஷ்டமாகுது, ஷேர் விலை எறங்கிருச்சுனு அதே கார்ல்சன் எழுதறார். உண்மைய சொன்ன ஆளு உள்ள இருந்திருக்காங்க, அவங்களத்தான் தூக்கச் சொல்லிருக்காங்க. இத படிச்சப்ப வந்த கோவம் எனக்கு இன்னும் ஆறல.

இன்னொரு மெயில். சிட்னி பவல்கிட்ட டொமினியன் பத்தின தகவலுக்கு என்ன ஆதாரம்னு பாத்தா, யாரோ ஒருத்தர் அனுப்புன ஒரு நீளமான மெயில். அத ஃபாக்ஸ் தொகுப்பாளர் மரியா பார்டிரோமோவுக்கு பவல் அனுப்பி வைக்கறாங்க. அந்த மெயில எழுதுனவங்களே அதுல, காத்து என்கிட்ட பேசும், நீ ஒரு ஆவினு சொல்லும், நான் அத நம்பறதில்லனு எழுதிருக்காங்க. மெயில் வந்தது நவம்பர் 7. அடுத்த நாளே பவல் பார்டிரோமோவோட ஷோவுல உக்காந்து டொமினியன பத்தி பேசறாங்க. அந்த மெயில்ல இருந்தது அர்த்தமில்லாத பேச்சுனு பார்டிரோமோவே பின்னாடி சத்தியப் பிரமாணத்துல ஒத்துக்கிட்டாங்க. முதலாளி ரூபர்ட் மர்டாக்கிட்டயும் வாக்குமூலம் வாங்குனாங்க. தொகுப்பாளர்கள் சிலர் அந்தப் பொய்ய ஆதரிச்சுத்தான் பேசுனாங்கனு ஒத்துக்கிட்டார். ஜூலியானிய டிவியில விடாதீங்கனு நீங்க சொல்லிருக்கலாமேனு கேட்டாங்க, சொல்லிருக்கலாம், சொல்லலன்னார். இதுக்கெல்லாம் மேல, இது பொய்ங்க, இதோ ஆதாரம்னு ஃபாக்ஸ்ல இருக்குறவங்களுக்கு 3,600 தடவைக்கும் மேல எழுதி அனுப்புனோம்னு டொமினியன் தரப்பு கோர்ட்ல கணக்கு காட்டுச்சு.

ஃபாக்ஸ் சொன்ன முக்கியமான பதில் ஒண்ணு உண்டு, அத லேசா தள்ளிட முடியாது. ஜனாதிபதியும் அவரோட வக்கீல்களும் ஒரு குற்றச்சாட்டு சொல்றாங்க, அதுவே நியூஸ்தானே, அத ஒளிபரப்புனது எப்படி தப்பாகும்னாங்க. நியாயமான கேள்வி. ஆனா "இவர் இப்படி சொல்றார், ஆதாரம் இன்னும் காட்டல"னு சொல்றது ஒரு மாதிரி, அவர பக்கத்துல உக்கார வச்சு தலையாட்டி, ஆமா பயங்கரம்னு எடுத்துக் குடுத்து, மறுப்பு மெயில் கையில இருந்தும் அத படிக்காம விடறது வேற மாதிரி. நீதிபதி எரிக் டேவிஸ் அந்த வாதத்த ஏத்துக்கல. 2023 மார்ச் 31 தீர்ப்புல, டொமினியன பத்தி சொன்ன எதுவுமே உண்மை இல்லங்கறது தெள்ளத்தெளிவுனு எழுதுனார், அந்தத் தெள்ளத்தெளிவுங்கற வார்த்தைய பெரிய எழுத்துல போட்ருந்தார். ஆக்சுவல் மாலிஸ் இருந்துச்சா இல்லையாங்கறத ஜூரி கையில விட்டார்.

ஜூரி அத சொல்லவே இல்ல. ஏப்ரல் 18ஆம் தேதி வில்மிங்டன்ல ஜூரிய தேர்ந்தெடுத்தாச்சு, மத்தியானம் வாதம் ஆரம்பிக்கணும், சாப்பாட்டு இடைவேளை நீண்டுக்கிட்டே போச்சு, சாயங்காலம் வாக்குல நீதிபதி வந்து ரெண்டு தரப்பும் சமரசம் ஆயிட்டாங்கனு ஜூரிய வீட்டுக்கு அனுப்பிட்டார். 78 கோடியே 75 லட்சம் டாலர். அறிக்கையில ஃபாக்ஸ் சொன்னது, சில தகவல்கள் பொய்னு கோர்ட் சொன்னத ஒத்துக்கறோம்ங்கற அளவுக்குத்தான், டிவியில மன்னிப்பு கேக்கணும்னு நிபந்தனையே இல்ல. எனக்கு இந்த சமரசத்துல இன்னமும் மனசு ஒப்பல. கம்பெனிக்கு பணம் வந்துச்சு சரி, அந்த சேனல மட்டுமே பாத்து அந்தப் பொய்ய நம்புன லட்சக்கணக்கான மக்களுக்கு அதே திரையில, அதே நேரத்துல, அதே வாயால "நாங்க சொன்னது தப்பு"னு ஒரு வார்த்தை போய்ச் சேரல. அவதூறு வழக்கோட எல்லை அங்க தெரிஞ்சுபோச்சு. கேஸ் போட்டவர் சரினு சொன்னா முடிஞ்சுது, ஊருக்கு உண்மை சொல்ற பொறுப்பு அதுல கிடையாது.

மத்த வழக்குகள வேகமா சொல்லிடறேன். நியூஸ்மேக்ஸ், ஸ்மார்ட்மேடிக்ங்கற இன்னொரு ஓட்டு மெஷின் கம்பெனிக்கு 4 கோடி, டொமினியனுக்கு 6 கோடியே 70 லட்சம் டாலர்னு ரெண்டு சமரசம் பண்ணுச்சு. ஸ்மார்ட்மேடிக் 2020ல மெஷின் குடுத்ததே லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஒண்ணுக்குத்தான், ஆனா நாடு பூரா ஓட்ட திருடுனாங்கனு பேசுனாங்க. அவங்க ஃபாக்ஸ் மேல 270 கோடி டாலர் கேட்டு 2021 பிப்ரவரியில போட்ட கேஸ் நியூயார்க்ல வருஷக்கணக்கா இழுத்துச்சு. அதுல ஒரு சிக்கலும் உண்டு. பிலிப்பைன்ஸ் தேர்தல் ஒப்பந்தத்துக்கு லஞ்சம் குடுத்ததா அந்த கம்பெனி ஆளுங்க மேல அமெரிக்க அரசே 2024ல குற்றப்பத்திரிகை போட்டுச்சு, அப்போ உங்க பேர் எங்களாலதான் கெட்டுச்சானு ஃபாக்ஸ் கேக்குது. அவதூறு வழக்கு போட்டா உங்க பெட்டியையும் தெறந்து காட்டணும், டிஸ்கவரி ரெண்டு பக்கமும் வெட்டும். தலையணை கம்பெனி நடத்துற மைக் லிண்டல் சமரசத்துக்கு போகல, டொமினியன்ல வேலை பாத்த ஒருத்தர துரோகினு சொன்னதுக்கு 2025 ஜூன்ல டென்வர் ஜூரி 23 லட்சம் டாலர் போட்டுச்சு.

சிட்னி பவலோட வாதம் தனியா கவனிக்க வேண்டியது. நான் சொன்னத புத்தியுள்ள யாரும் உண்மைத் தகவல்னு எடுத்துக்க மாட்டாங்கனு அவங்க வக்கீல்கள் கோர்ட்ல எழுதிக் குடுத்தாங்க. கேக்க அநியாயமா இருக்கும், ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு நெசமான சட்டம் இருக்கு. அபிப்பிராயத்துக்கு அங்க வழக்கு கிடையாது. "இந்த எலெக்ஷன் நடத்துன விதம் கேவலம்", "இந்த மெஷின் மேல எனக்கு நம்பிக்கை இல்ல" இதெல்லாம் அபிப்பிராயம், யாரும் தொட முடியாது. ஆனா என்கிட்ட ஆதாரம் இருக்கு, இந்த கம்பெனி லஞ்சம் குடுத்துச்சுனு சொன்னா அது உண்மையா பொய்யானு சரிபாக்க முடியற தகவல். முன்னாடி "என் அபிப்பிராயத்துல"னு ஒட்டிக்கிட்டாலும் தப்பிக்க முடியாதுனு 1990லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. அதனால பவலோட மனுவ 2021 ஆகஸ்ட்ல நீதிபதி ஏத்துக்கல.

இதே விதி ட்ரம்புக்கு எதிராவும் வேலை செஞ்சுதுங்கறத பாக்கணும். எலெக்ஷன பத்தி அவர் சொன்னத சிஎன்என் "பெரிய பொய்"னு சொன்னதுக்கு 47 கோடியே 50 லட்சம் டாலர் கேட்டு அவர் வழக்கு போட்டார், அது அபிப்பிராயம்னு சொல்லி 2023 ஜூலையில ஃப்ளோரிடா நீதிபதி தள்ளுபடி பண்ணிட்டார், அவர் ட்ரம்பே நியமிச்ச நீதிபதி. உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் 2019ல இருந்து சல்லிவன் தீர்ப்ப மறுபடி யோசிக்கணும்னு எழுதிட்டு வர்றார். ஃபாக்ஸ் மேல இருக்குற கோவத்துல, சட்டத்த எளிசாக்குனா என்னனு கேக்குறவங்களும் இருக்காங்க. எளிசாக்குனா மொத ஆளா கோர்ட்டுக்கு வர்றது ரூபி ஃப்ரீமன் இல்ல, பெரிய வக்கீல் படைய வச்சுருக்குற அரசியல்வாதியும் பணக்காரனும்தான் வருவான். டொமினியன் இருக்குற சட்டத்த வச்சேதான் இவ்வளவு தூரம் வந்துச்சு.

வெறும் பொய் சொல்றதே குத்தம்னு ஒரு சட்டம் போட்டா என்னனு தோணலாம். அதுவும் முடியாது. ராணுவத்துல மிக உயர்ந்த பதக்கம் வாங்குனேன்னு பொய் சொன்ன ஒருத்தர் மேல போட்ட கேஸ்ல, 2012ல உச்ச நீதிமன்றம் அந்த சட்டத்தையே ரத்து பண்ணிருச்சு. எது உண்மைனு அரசாங்கம் முடிவு பண்ணி தண்டிக்க ஆரம்பிச்சா அது எங்க போய் நிக்கும்னு நெனச்சுப் பாருங்க, நாளைக்கு ஜெயிச்ச கட்சியே எலெக்ஷன பத்தி சந்தேகம் கேக்குறவன உள்ள தூக்கிப் போடும்.

ரெண்டாவது கேள்விக்கு இப்ப நேரா பதில். அங்க இருக்குற ஒருத்தர் "எனக்கு இந்த எலெக்ஷன் மேல சந்தேகம்"னு எழுதுனா ஒண்ணும் ஆகாது. தப்பாவே இருந்தாலும் ஆகாது. இன்னொருத்தர் போட்டத அப்படியே ஷேர் பண்ணாலும் பெரும்பாலும் பாதுகாப்பு உண்டு. அடுத்தவங்க எழுதுனதுக்கு நீங்க பொறுப்பில்லனு சொல்ற, 1996ல வந்த சட்டத்தோட 230ஆவது பிரிவு இணையதளத்துக்கு மட்டும்தான்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, அது பயன்படுத்தறவங்களுக்கும் சேத்துதான்னு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2006லயே சொல்லிருக்கு. ஆனா ஷேர் பண்ணும்போது மேல நீங்க சொந்தமா சேத்து எழுதற வரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்த வரியில பூத்ல உக்காந்து வேலை பாத்த ஒருத்தரோட பேரோ போட்டோவோ இருந்து, இவர்தான் ஓட்ட மாத்துனார்னு எழுதுனீங்கன்னா, அவர் பிரபலம் கிடையாது, அஜாக்கிரதைனு காட்டுனாலே உங்க மேல வழக்கு நிக்கலாம்.

எழுதிட்டு தப்புனு தெரிய வந்தா சத்தமில்லாம டிலீட் பண்ணிட்டு நகந்துடாதீங்க. எங்க எழுதுனீங்களோ அங்கயே, அதே ஆளுங்க பாக்குற மாதிரி, நான் சொன்னது பொய், இவர் அப்படி செய்யலனு எழுதுங்க. பல மாநிலத்துல அப்படி திருத்தம் போட்டா கட்ட வேண்டிய நஷ்ட ஈடு குறையும். அதோட, அந்த ஆளு மறுநாள் கடைக்கு போறப்ப பக்கத்துல நிக்கிறவர் கையில இருக்குற போன்ல உங்க மொத போஸ்ட்டுதான் இருக்குமா, ரெண்டாவது போஸ்ட்டுதான் இருக்குமாங்கறது நீங்க எவ்வளவு சீக்கிரம் எழுதறீங்கங்கறதுலதான் இருக்கு.